ஏணிகள் எங்கே போயின?

உடல் என்பது முதலில் ஓர் எல்லை. குடலில் செரித்துக்கொண்டிருக்கும் உணவு அப்படியே இரத்தத்தில் கலந்துவிடக் கூடாது. சிறுநீரகக் குழல்களில் வடிந்து வரும் கழிவு பக்கத்துத் திசுவுக்குள் கசியக் கூடாது. தோலுக்கு அடியில் இருக்கும் ஈரம் காற்றோடு போய்விடக் கூடாது. இந்த எல்லையைக் காப்பது எபிதீலியம், அதாவது ஒன்றையொன்று ஒட்டி வரிசையாக நிற்கும் செல்களின் படலம். செல்லின் சவ்வு கொழுப்பால் ஆனது. உப்பும் சர்க்கரையும் அதைத் தாண்டத் தனி வாசல்கள் வேண்டும். ஆகவே தன் வழியாக எது போகலாம், எது போகக் கூடாது என்பதைச் செல்லே தீர்மானித்துக்கொள்கிறது. சிக்கல் செல்களுக்கு நடுவில்தான். அடுத்தடுத்து நிற்கும் இரண்டு செல்களுக்கு இடையே ஒரு சந்து இருக்கிறது; ஓர் அயனிக்கு அது அகலமான பாதை. அந்தச் சந்தை அடைக்கவும், இரண்டு செல்களும் பிய்ந்துபோகாமல் பிடித்துவைக்கவும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தி கடத்தவும் செல்களின் பக்கச் சவ்வுகளில் புரதக் கட்டுமானங்கள் இருக்கின்றன. இவற்றைத்தான் செல் இணைப்புகள் என்கிறோம்.

முதுகெலும்பிகளில் இவை எப்படி அமைந்திருக்கின்றன என்பதை 1963-இல் மர்லின் ஃபார்குவாரும் ஜார்ஜ் பலாடேயும் எலி, கினிப்பன்றி ஆகியவற்றின் பல உறுப்புகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து எழுதினார்கள். குடலானாலும் சுரப்பியானாலும் வரிசை ஒன்றாகவே இருந்தது. செல்லின் மேல்முனையை ஒட்டி, இரண்டு சவ்வுகளும் ஒன்றோடொன்று உரசி ஒன்றாகிவிட்டதுபோல் தெரியும் இறுக்க இணைப்பு; அதற்குக் கீழே செல்லைச் சுற்றி ஒட்டியாணமாக ஓடும் ஒட்டும் இணைப்பு; அதற்கும் கீழே அங்கங்கே பொத்தான்களாகப் பதிந்த டெஸ்மோசோம்கள். சந்தை அடைக்கும் வேலை இறுக்க இணைப்பினுடையது. பழ ஈயின் எபிதீலியத்தைப் பார்த்தால் வேறு ஓர் உலகம். மேலே இறுக்க இணைப்பு இல்லை. முதலில் வருவது ஒட்டும் இணைப்பு. அதற்குக் கீழேதான் அடைப்பு. அது சவ்வோடு சவ்வு உரசும் அடைப்பும் அல்ல. ஏறத்தாழ 15 நானோமீட்டர் இடைவெளி விட்டு இரண்டு சவ்வுகளும் இணையாக ஓட, அந்த இடைவெளியில் ஏணிப்படிகள்போல் குறுக்குக் கம்பிகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. இதற்கு செப்டேட் இணைப்பு என்று பெயர். 1959-இலேயே ஹைட்ராவில் பார்த்த இதே ஏணி பிறகு பூச்சிகளிலும் மெல்லுடலிகளிலும் புழுக்களிலும் தென்பட்டது. பழ ஈயில் டெஸ்மோசோமும் இல்லை.

பாடநூல்கள் இதிலிருந்து எளிய முடிவுக்கு வந்தன: ஒரே தேவையை இரண்டு கிளைகளும் தனித்தனியாகச் சந்தித்து, தனித்தனி விடையைக் கண்டுபிடித்தன, பூச்சிக்கு ஏணி, முதுகெலும்பிக்கு முத்திரை. பூச்சிகளும் நாமும் ஒரே மூதாதையிலிருந்து பிரிந்து 55 கோடி ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டது என்பதால் இது நம்பும்படியாகவும் இருந்தது. இந்த முடிவு தவறு என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். இதற்கு நேரெதிரான முடிவு, அதாவது இரண்டும் ஒரே இணைப்பின் இரண்டு வேடங்கள் என்பது, அதைவிடப் பெரிய தவறு. இணைப்பு என்று நாம் பெயர் வைத்திருப்பது ஒரு தனிப் பொருளே அல்ல. எந்தப் புரதங்கள், செல்லின் எந்த உயரத்தில், என்ன வேலைக்கு என்ற மூன்று தனி வரலாறுகள் ஓரிடத்தில் கூடும்போது நம் கண்ணுக்கு ஓர் இணைப்பு தெரிகிறது. அந்த மூன்றும் பரிணாமத்தில் சேர்ந்து பயணம் செய்தே தீர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை; பல இடங்களில் அவை பிரிந்தே போயிருக்கின்றன.

சேர்ந்து பயணம் செய்த ஒன்றிலிருந்து தொடங்குவது நல்லது, ஏனென்றால் பிரிவின் அளவை அதை வைத்துத்தான் அளக்க முடியும். ஒட்டும் இணைப்பு இரண்டு கிளைகளிலும் ஒன்றே. மசதோஷி தக்கேச்சி கால்சியம் இருந்தால் மட்டுமே செல்களை ஒட்டவைக்கும் புரதங்களைக் கண்டு, அவற்றுக்கு 1984-இல் கேடெரின் என்று பெயரிட்டார். கேடெரினின் வால் செல்லுக்குள் நீண்டு பீட்டா-கேட்டெனினைப் பிடிக்கிறது, அது ஆல்ஃபா-கேட்டெனினைப் பிடிக்கிறது, அது ஆக்டின் இழைகளைப் பிடிக்கிறது. பழ ஈயில் கருவின் உடற்கண்ட அமைப்பைக் குலைக்கும் ஆர்மடில்லோ என்ற மரபணுவை ஆராய்ந்தவர்கள், அதன் புரதம் இந்தப் பீட்டா-கேட்டெனினே என்பதை 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்டார்கள். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் ஈயிலும் எலியிலும் பொருந்துகிறது. இதன் வேர் விலங்குகளுக்கும் முந்தையது. டிக்டியோஸ்டீலியம் என்ற சமூக அமீபா பசி வந்தால் கூட்டமாகச் சேர்ந்து தண்டும் வித்தும் அமைக்கும். அந்தத் தண்டின் நுனியில் செல்கள் ஆல்ஃபா, பீட்டா கேட்டெனின்களை வைத்து ஓர் எபிதீலியத்தை நிறுத்துகின்றன என்று 2011-இல் காட்டப்பட்டது. அந்த உயிரியிடம் கேடெரின் கிடையாது. மறுபுறம், விலங்குகளின் மிக நெருங்கிய ஒற்றைச்செல் உறவான மோனோசிகா என்ற கோயனோஃபிளாஜெல்லேட்டிடம் 23 கேடெரின் மரபணுக்கள் இருக்கின்றன. ஒட்டிக்கொள்ளத் திசு என்று அதற்கு ஒன்றும் இல்லை. கேடெரினும் கேட்டெனினும் வெவ்வேறு காலத்தில் வந்து, விலங்குகளின் தொடக்கத்தில் ஒன்றாகப் பூட்டப்பட்டவை.

இந்த ‘மாறாத’ இணைப்பிலும் வெளிப்புறம் மாறியிருக்கிறது. எலியின் ஈ-கேடெரினில் வெளியே நீளும் பகுதி ஐந்து அலகுகள் கொண்டது. பழ ஈயின் கேடெரின் அதைவிட நீளம். அலகுகள் அதிகம், நடுவே வேறு வகைப் புரதத் துண்டுகளும் உண்டு. ஹிரோகி ஓடாவும் அவருடன் பணியாற்றியவர்களும் பல விலங்குகளின் கேடெரின்களை வரிசையாக ஒப்பிட்டார்கள். பழைய வடிவம் இவை இரண்டையும்விட மிக நீளமானது என்பதும், பூச்சிகளின் கிளையும் முதுகெலும்பிகளின் கிளையும் அதைத் தனித்தனியாக வெட்டிக் குறுக்கிக்கொண்டன என்பதும் தெரியவந்தது. உள்ளே இருக்கும் சங்கிலி இறுகப் பிடித்துக்கொள்ள, வெளியே இருக்கும் கை மட்டும் இருமுறை மாறியிருக்கிறது.

இனி அடைப்புக்கு வருவோம். இறுக்க இணைப்பைக் கட்டும் புரதம் எது என்ற கேள்வி முப்பது ஆண்டுகள் திறந்தே கிடந்தது. மிகியோ ஃபுருசேயும் ஷோய்ச்சிரோ சுகிதாவும் கோழிக் கல்லீரலிலிருந்து பித்தநாளங்களைச் சுற்றியுள்ள இணைப்புகளைப் பிரித்தெடுத்து, 1993-இல் ஆக்லூடின் என்ற புரதத்தைக் கண்டார்கள். விடை கிடைத்துவிட்டது என்றே அப்போது தோன்றியது. ஆனால் ஆக்லூடின் மரபணு நீக்கப்பட்ட செல்களிலும் இறுக்க இணைப்பு ஒரு குறையும் இல்லாமல் உருவானது. மீண்டும் அதே கல்லீரலுக்குப் போய் 1998-இல் கிளாடின்களை எடுத்தார்கள். இறுக்க இணைப்பே இல்லாத ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களில் கிளாடினைப் புகுத்தியபோது, சவ்வில் இறுக்க இணைப்புக்கே உரிய இழைவலை தோன்றியது. 2002-இல் கிளாடின்-1 இல்லாத எலிக்குட்டிகளைப் பிறக்க வைத்தார்கள். தோல் சுருங்கி, உடலின் நீர் வற்றி, ஒரு நாளுக்குள் அவை இறந்தன. தோலுக்கு அடியில் ஒரு சிறிய தடமூலக்கூறைச் செலுத்திப் பார்த்தால், சாதாரணக் குட்டியில் அது மேல்நோக்கி ஊர்ந்து வந்து துகளடுக்கின் ஒரு குறிப்பிட்ட செல்வரிசையில் கோடு போட்டதுபோல் நின்றுவிடும். கிளாடின்-1 இல்லாத குட்டியில் அந்தக் கோட்டைத் தாண்டி மேலே போனது. முத்திரையின் மெழுகு எது என்பதில் அதற்குப் பிறகு ஐயமில்லை.

அடுத்த ஆண்டுகளில் வந்ததுதான் எதிர்பாராதது. பழ ஈயின் கருவில் மூச்சுக்குழல்கள் அளவு தவறி வளரும் மரபணுப் பிறழ்வுகளைத் துரத்தியவர்கள், அவற்றில் சில கிளாடின் குடும்பப் புரதங்களின் பிறழ்வுகள் என்று கண்டார்கள். 2003-இல் மெகாட்ரக்கியா, 2004-இல் சினுவஸ், 2010-இல் குனே-குனே என்று மூன்று வந்தன. மூன்றும் நின்றது செப்டேட் இணைப்பில், அந்த ஏணியில். சோதனை எளிமையானது, கண்ணால் பார்க்கக்கூடியது. முட்டைக்குள் முற்றிய கருவின் உடற்குழியில் ஒளிரும் சாயம் கோத்த டெக்ஸ்ட்ரானை நுண்ணூசியால் செலுத்துகிறார்கள். நல்ல கருவில் சாயம் உறுப்புகளைச் சுற்றி நிரம்பும். உமிழ்நீர்ச் சுரப்பியின் உள்குழல் மட்டும் கருப்பாக, தெளிவான ஓரங்களோடு நிற்கும். செப்டேட் இணைப்பின் ஒரு புரதம் போன கருவில், சிறிது நேரத்தில் அந்தக் கருப்புக் குழலுக்குள்ளும் வெளிச்சம் ஏறிவிடும். ஏணியும் கசிவைத் தடுக்கிறது. அதற்கும் கிளாடின் வேண்டும்.

அப்படியானால் ஏணியும் முத்திரையும் ஒன்றுதானே, வடிவம் மட்டும் வேறு என்று சொல்லிவிடலாமா? பலர் அப்படி எழுதினார்கள். இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை, காரணம் ஏணியின் மற்ற பாகங்கள். செப்டேட் இணைப்பில் கிளாடின்களோடு நியூரெக்சின்-IV, கான்டாக்டின், நியூரோக்லியன், உள்ளே இருந்து அவற்றைப் பிடிக்கும் கொராக்கிள் என்று ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது. இறுக்க இணைப்பும் ஏணியும் ஒன்றே என்றால், இவற்றின் உறவினர்கள் முதுகெலும்பிகளின் இறுக்க இணைப்பில் இருக்க வேண்டும். அங்கே அந்தக் கூட்டம் இல்லை. அவை இருப்பது நரம்பில்.

நம் நரம்புகளில் மயலின் உறை ஆக்சானை, அதாவது நரம்பு செல்லின் நீண்ட இழையை, சுற்றியிருக்கிறது. இடையிடையே ரான்வியர் கணுக்களில் உறை விலகி ஆக்சான் வெளியே தெரிகிறது. கணுவை நோக்கி வரும்போது மயலினின் ஒவ்வொரு சுற்றும் ஒரு சிறு வளையமாக முடிந்து ஆக்சானின் சவ்வோடு பொருந்துகிறது. அந்தப் பொருத்தத்தை நீளவாக்கில் வெட்டி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தால், மயலினைச் சுற்றும் ஷ்வான் செல்லின் சவ்வுக்கும் ஆக்சானின் சவ்வுக்கும் நடுவே சீரான இடைவெளியில் குறுக்குப் பட்டைகள் வரிசையாக நிற்பது தெரியும். ஈயின் எபிதீலியத்தில் பார்த்த ஏணியேதான் அது. நுண்ணோக்கியாளர்கள் இந்த ஒற்றுமையை முன்பே குறித்திருந்தார்கள், அது வெறும் தோற்றமாகவும் இருந்திருக்கலாம். தோற்றமல்ல என்பதைப் புரதங்கள் காட்டின. ஈயின் நியூரெக்சின்-IV 1996-இல் அறியப்பட்டது. அதன் முதுகெலும்பி உறவான காஸ்பர் 1997-இல் இந்த வளையங்களை ஒட்டிய ஆக்சான் சவ்வில் கிடைத்தது. அதோடு கான்டாக்டின் சேர்ந்திருந்தது; எதிர்ப்பக்கத்து வளையத்தில் நியூரோக்லியனின் உறவான நியூரோஃபாசின்; ஆக்சானுக்குள் கொராக்கிளின் உறவான 4.1பி. கூட்டம் முழுவதும் குடிபெயர்ந்திருக்கிறது. ஈயில் நியூரெக்சின்-IV-ஐ ஆராய்ந்த ஹ்யூகோ பெல்லனின் குழுவில் இருந்த மன்சூர் பட், 2001-இல் காஸ்பர் இல்லாத எலிகளை உருவாக்கினார். அவற்றின் நரம்பில் குறுக்குப் பட்டைகள் மறைந்துபோயிருந்தன. கணுவிலிருந்து விலகி நிற்க வேண்டிய பொட்டாசியம் வாயில்கள் எல்லை தாண்டி நகர்ந்திருந்தன. நரம்பில் செய்தி மெதுவாக ஓடியது.

முதுகெலும்பிகள் ஏணியை இழந்துவிட்டன என்ற கூற்று ஆகவே தவறு. எபிதீலியத்தில் ஏணி கலைக்கப்பட்டது. அதன் கிளாடின் வகை அங்கேயே தங்கி வேறொரு அடைப்பைக் கட்டியது. மீதிக் கூட்டம் நரம்புக்குப் போய் ஏணியாகவே நின்றது. காரைக்குடிப் பக்கத்தில் பழைய வீட்டைப் பிரிக்கும்போது தூண் ஓரிடத்துக்கும் கதவு வேறோரிடத்துக்கும் போய்ச் சேர்வதுபோல. கதவைப் பார்த்து இது அதே வீடு என்பவரும், வீட்டின் அமைப்பைப் பார்த்து இதற்கும் அதற்கும் தொடர்பில்லை என்பவரும் ஆளுக்குப் பாதி உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். புரதங்கள் இடம் மாறலாம், ஆனால் செல்லின் உயரத்தில் இணைப்புகள் நிற்கும் வரிசை மாறவில்லையே. பூச்சியில் அடைப்பு கீழே, முதுகெலும்பியில் மேலே என்பது அசைக்க முடியாத கிளை அடையாளம்தானே என்று கேட்கலாம். முதலில், அந்த மேல்முனை பூச்சியில் காலியாக இல்லை. ஒட்டும் இணைப்புக்கு மேலே ஈயின் செல்லிலும் ஒரு விளிம்புப் பகுதி உண்டு. கிரம்ப்ஸ் என்ற புரதமும் அதன் கூட்டாளிகளும் அங்கே இருந்துகொண்டு செல்லுக்கு மேல் எது, பக்கம் எது என்று வரையறுக்கின்றன. முதுகெலும்பியில் அதே கிரம்ப்ஸ் கூட்டம் இறுக்க இணைப்பில் இருக்கிறது. முகவரி பொதுவானது, அந்த முகவரியில் அடைப்பு குடியேறியது முதுகெலும்பிக் கிளையில். இரண்டாவது சான்று இன்னும் கூர்மையானது, அது பழ ஈயின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. நடுக்குடலின் செல்களில் அடைப்பு மேலே, ஒட்டும் இணைப்பு கீழே. எலியின் குடலில் உள்ள அதே வரிசை! கேம்பிரிட்ஜில் டேனியல் செயின்ட் ஜான்ஸ்டனின் ஆய்வகம் 2018-இல் இதை விரிவாகக் காட்டியது: ஈயின் மற்ற எபிதீலியங்களில் மேல்கீழை முடிவுசெய்யும் கிரம்ப்ஸ் போன்ற காரணிகள் நடுக்குடலுக்குத் தேவைப்படவில்லை, செல்லின் அடிப்பக்கத்தைப் பற்றியிருக்கும் இன்டெக்ரின்களே தேவைப்பட்டன. அங்குள்ள ஏணியும் வேறு வகை. ஃபுருசேயின் குழு அதன் பாகங்களாக ஸ்நேக்ஸ்கின், மெஷ், டிஎஸ்பி2ஏ ஆகிய மூன்று புரதங்களை 2012-க்கும் 2016-க்கும் இடையில் கண்டது. மூன்றில் ஒன்றுகூட கிளாடின் அல்ல. ஒரே ஈயின் உடலுக்குள் இரண்டு வரிசைகளும் இரண்டு அடைப்புகளும் இருக்கும்போது, வரிசையைக் கிளை அடையாளமாகக் கொள்ள வழியில்லை. அது திசுவுக்குத் திசு அமையும் ஏற்பாடு.

இன்னொரு மறுப்பு: பூச்சிகளிலும் இறுக்க இணைப்பு உண்டு என்று நான்சி லேன் போன்றவர்கள் உறைமுறிவு முறையில் எடுத்த படங்களோடு எழுதியிருக்கிறார்கள், மூளையைச் சுற்றிய செல்களில் சவ்வு முகடுகள் முதுகெலும்பி இழைவலையைப்போலத் தெரிகின்றன. படங்கள் உண்மையானவை. ஆனால் அந்த முகடுகளே தடையைத் தாங்குகின்றன என்பதற்கு அவை சான்றாகா. பழ ஈயில் நியூரெக்சின்-IV-ஐயோ கிளையோடாக்டினையோ நீக்கினால், அதாவது ஏணியின் ஒரு பாகத்தைப் பிடுங்கினால், நரம்பைச் சுற்றிய தடை உடைந்து, பொட்டாசியம் மிகுந்த உடற்திரவம் உள்ளே புகுந்து கரு அசைவற்றுப்போகிறது. தடை எதில் இருக்கிறது என்பதை எதை எடுத்தால் உடைகிறது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

என் வாதத்துக்கு உண்மையான சோதனை இடைவெளி இணைப்பில் இருக்கிறது. இதுவரை சொன்னவை எல்லாம் பொதுச் சரக்கிலிருந்து பாகங்கள் இடம் மாறிய கதை. இடைவெளி இணைப்பில் பாகமே வேறு. ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்கு அயனிகளை நேரடியாகக் கடத்தும் இந்தக் குழாய்கள் முதுகெலும்பிகளில் கனெக்சின் என்ற புரதத்தால் ஆனவை. ஆறு கனெக்சின்கள் கூடி அரைக்குழாய், இரண்டு செல்களின் அரைக்குழாய்கள் முனையோடு முனை பொருந்தி முழுக்குழாய். மின்முறையில் செய்தி கடத்தும் நரம்புச் சந்திப்பை ஃபர்ஷ்பானும் பாட்டரும் 1950-களின் இறுதியில் நிறுவியதே நன்னீரில் வாழும் கிரேஃபிஷில்தான் என்பதால் கணுக்காலிகளிலும் கனெக்சின் இருக்கும் என்று தேடினார்கள். இல்லை. 1998-இல் வட்டப்புழுவின் மரபணுத் தொகுதி முழுதாகப் படிக்கப்பட்டபோதும் அதில் ஒரு கனெக்சின் இல்லை. அதே ஆண்டில் பாலின் ஃபெலனும் அவருடைய குழுவும் பழ ஈயின் ஷேக்கிங்-பி என்ற புரதத்தைத் தவளை முட்டைகளில் உருவாக்கி, இரண்டு முட்டைகளை ஒட்டிவைத்து, நடுவே மின்னோட்டம் கடப்பதைக் காட்டினார்கள். இந்தக் குடும்பத்துக்கு இன்னெக்சின் என்று பெயர் வந்தது. இரண்டு குடும்பங்களின் அமினோ அமில வரிசைகளில் உறவின் சுவடே இல்லை. இரண்டும் சவ்வை நான்கு முறை கடக்கின்றன, இரண்டும் குழாயாகக் கூடுகின்றன. ஆனால் எண்ணிக்கை பிசகுகிறது: வட்டப்புழுவின் ஒரு இன்னெக்சின் அரைக்குழாயில் எட்டு அலகுகள் இருப்பதை 2016-இல் வெளிவந்த கட்டமைப்பு காட்டியது. ஒரே வேலை கேட்கும் வடிவம் இரண்டு தனிப் புரதங்களில் வந்து சேர்ந்திருக்கிறது என்றே இதை நான் வாசிக்கிறேன்.

அப்படியென்றால் பழைய பாடநூல் முடிவு, தனித்தனிக் கண்டுபிடிப்பு, இங்கே சரிதானே? பாதிதான் சரி. 2000-இல் யூரி பான்சினும் உடனாய்வாளர்களும் முதுகெலும்பிகளிலும் இன்னெக்சினின் உறவினர்கள் இருப்பதைக் கண்டு, அவற்றுக்குப் பானெக்சின் என்று பெயரிட்டார்கள். நம்மிடம் அவை மூன்று உண்டு. அவை செல்லின் வெளிச்சவ்வில் ஒற்றை வாயிலாக நின்று ஏடிபி போன்றவற்றை வெளியே விடுகின்றன. அடுத்த செல்லின் வாயிலோடு பொருந்துவதில்லை. வெளியே நீளும் வளையத்தில் ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலி குறுக்கே நிற்பது அதற்கு முக்கியக் காரணம். முன்னோரிடம் இன்னெக்சின் குழாய்கள் இருந்திருக்கின்றன, நாம் அவற்றைக் கைவிட்டிருக்கிறோம். எப்படி என்பதற்கு பைராய்ட் பல்கலைக்கழகத்தின் கியோர்க் வெல்செலும் ஷ்டெஃபான் ஷூஸ்டரும் 2022-இல் ஒரு விடை தந்தார்கள். ஏராளமான விலங்குகளின் இன்னெக்சின் வரிசைகளைத் திரட்டிப் பார்த்தபோது, தொடக்ககால முதுகுநாணிகளில் இந்தக் குடும்பத்தின் பன்மை சுருங்கி, சர்க்கரை ஒட்டும் இடம் கொண்ட வகை மட்டும் எஞ்சியது தெரிந்தது. செல்லோடு செல்லைக் குழாயால் இணைக்கக்கூடிய இன்னெக்சின் கையில் இல்லாத அந்தக் காலியிடத்தில்தான் கனெக்சின்கள் வந்து அமர்ந்தன. கனெக்சின் மேலானது என்பதால் இன்னெக்சினைத் துரத்தவில்லை; இடம் முன்பே காலியாகியிருந்தது. இந்த வேறுபாட்டை நான் முக்கியமாகக் கருதுகிறேன். முதுகெலும்பிகளிடம் ஏதோ ஒன்று புதிதாக இருந்தால் அது பழையதைவிடச் சிறந்தது என்று நாம் கேட்காமலே நம்பிவிடுகிறோம்.

அதே நம்பிக்கைதான் இறுக்க இணைப்பைப் பற்றிய பழைய விளக்கத்திலும் ஒளிந்திருக்கிறது. ஏணியில் இடைவெளி இருக்கிறது, முத்திரையில் இல்லை, ஆகவே முத்திரை நன்றாக அடைக்கும். பூச்சிக்கு மேலே கைட்டின் ஓடு இருப்பதால் அரைகுறை அடைப்பே போதும் என்பார்கள். ஓடே இல்லாத ஹைட்ரா நன்னீரில் வாழ்கிறது. உப்பை உடலுக்குள் வைத்துக்கொள்ள அதனிடம் இருப்பது ஏணிதான். நன்னீர்ப் பஞ்சுயிரியான ஸ்பாஞ்சில்லாவின் படலம்கூட மின்தடையோடு அடைத்து நிற்கிறது என்று சாலி லெய்ஸின் ஆய்வகம் 2010-இல் அளந்து காட்டியது. இலை தின்னும் பல பூச்சிகளின் உடற்திரவத்தில் பொட்டாசியம் நம் நரம்பை உடனே முடக்கிவிடும் அளவுக்கு இருக்கிறது; அதற்குள் மிதக்கும் மூளையை ஏணி காக்கிறது. அயனி பல ஏணிப்படிகளைத் தாண்டி நீண்ட வளைவுப் பாதையில் வர வேண்டும், ஒரு படியின் ஓட்டை அடுத்த படியில் ஈடாகிவிடும். கிளாடின்களின் மேன்மை அடைப்பதில் இல்லை, தேர்ந்து விடுவதில் இருக்கிறது. கிளாடின்-2 சோடியத்துக்கு வழி விடுகிறது. சிறுநீரகத்தில் மக்னீசியம் திரும்ப உறிஞ்சப்படும் வழிக்கு கிளாடின்-16 வேண்டும், அது பழுதானால் மக்னீசியம் சிறுநீரில் போய்விடும் பரம்பரை நோய் வரும் என்று 1999-இல் தெரிந்தது. பாலூட்டிகளிடம் கிளாடின்கள் இருபதுக்கும் மேல். ஆனால் இந்தப் பெருக்கம் இறுக்க இணைப்பு வந்த பிறகு நடந்தது. முதுகெலும்பு இல்லாத முதுகுநாணிகளான அசிடியன்களிலேயே இறுக்க இணைப்பு இருக்கிறது. பின்னால் கிடைத்த பயனை முன்னால் நடந்த மாற்றத்துக்குக் காரணமாகச் சொல்வது வரிசையைத் தலைகீழாக்குவது.

வேலையும் பாகமும் தனித்தனியே நகரும் என்பதற்கு, இரத்தத்திலிருந்து மூளையைப் பிரிக்கும் மூளைத்தடை இன்னும் ஒரு சான்று. பூச்சியில் தடை நரம்பு செல்களுக்குத் துணைநிற்கும் கிளியா செல்களில், ஏணியால். நம்மில் இரத்தநாளத்தின் உட்சுவர் செல்களில், கிளாடின்-5 கொண்ட முத்திரையால். நடுவே சுறாவும் திருக்கையும் இருக்கின்றன: தடை பூச்சியைப்போலக் கிளியா செல்களில், அடைப்பு நம்மைப்போல இறுக்க இணைப்பால். ஸ்டர்ஜன் மீனையும் சேர்த்துப் பார்த்த மாக்னஸ் புண்ட்கார்டும் ஜோன் ஆபட்டும் 2008-இல் எல்லா முதுகெலும்பிகளும் கிளியாத் தடையோடுதான் தொடங்கின என்றும், அது இரத்தநாளத்துக்கு மாறியது பிற்பாடு என்றும் வாதிட்டார்கள். அடைப்பின் பாகம் ஒரு காலத்தில் மாறியது. அடைக்கும் செல் வேறொரு காலத்தில் மாறியது. மூளையைக் காக்கும் வேலை மட்டும் நிற்கவே இல்லை.

இதெல்லாம் பெயர்ச் சண்டைதானே, எந்த இணைப்பை எதனோடு ஒப்பிட்டால் என்ன என்று கேட்பவருக்கு நரம்பியல் மருத்துவமனையில் பதில் இருக்கிறது. கை கால்கள் மெல்லத் தளர்ந்து, நடை தடுமாறி, கை நடுங்கும் சில நோயாளிகள், மயலின் அழற்சி என்ற பொதுப்பெயரில் நீண்டகாலம் வைக்கப்பட்டிருந்தார்கள். அந்த நோய்க்கு வழக்கமாகத் தரும் இம்யூனோகுளோபுலின் ஊசி அவர்களில் பலருக்குப் பலன் தரவில்லை. 2010-களில் அவர்களுடைய இரத்தத்தில் நியூரோஃபாசின்-155, கான்டாக்டின்-1, காஸ்பர் ஆகியவற்றுக்கு எதிரான ஆன்டிபாடிகள் கிடைத்தன. நரம்புத் துணுக்கை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் மயலின் வளையம் ஆக்சானை விட்டு விலகியிருந்தது, குறுக்குப் பட்டைகள் இல்லை. மயலினைத் தின்னும் அழற்சி அங்கே நடக்கவில்லை. பழ ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பியில் எந்தப் பாகங்கள் போனால் சாயம் உள்ளே கசியுமோ, அவற்றின் உறவுப் புரதங்களையே அந்த ஆன்டிபாடிகள் பிடித்திருந்தன. ஈயின் ஏணிக்கு மனித உடலில் இணை தேட இறுக்க இணைப்பை மட்டும் பார்த்திருந்தால், குடலிலும் சிறுநீரகத்திலும்தான் தேடியிருப்போம். இப்போது இந்த நோய் கணு சார்ந்த தனி நோயாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது; இரத்தத்தில் இந்த ஆன்டிபாடிகளைச் சோதித்து, இருப்பவர்களுக்கு அவற்றைச் சுரக்கும் செல்களின் மூலமான பி-செல்களை அகற்றும் ரிட்டுக்ஸிமாப் தருகிறார்கள், பலர் தேறுகிறார்கள்.